ஊருக்குச் சொந்தமான குரல்

எங்கள் நிலக்கோட்டைப் பக்கத்துப் பெரியவர்களுக்குப் பாடகரும் நடிகருமான டி.ஆர்.மகாலிங்கம் 'நம்ம தாலுகாக்காரர்'. சோழவந்தானை அடுத்த தென்கரை அவர் ஊர். பழைய மதுரை மாவட்டத்தில் சோழவந்தான் நிலக்கோட்டை தாலுகாவுக்குள்தான் இருந்தது. 1938-இல் ஏ.வி.மெய்யப்பன் எடுத்த 'நந்தகுமார்' படத்தில் அவர் கண்ணனாக வந்தபோது பதினான்கு வயதுப் பையன். 1945-இல் 'ஸ்ரீவள்ளி' வெளியானபோது, இருபத்தொன்றை எட்டுமுன்பே, தமிழ்நாடு முழுக்க அந்தக் குரல் தெரிந்துவிட்டது.

அந்தப் புகழோடு ஒரு சுமையும் வந்தது. செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா சிறுவனாக மேடையேறி, கன்னையா நாடகக் கம்பெனியில் உச்சிக்குப் போய், 1933 டிசம்பரில் 27 வயதிலேயே மறைந்தவர். அந்த இழப்பை ஆற்றிக்கொள்ள முடியாத ஜனங்கள் மகாலிங்கத்தின் தொண்டையில் கிட்டப்பாவைத் தேடினார்கள். கிட்டப்பா மேடையில் பாடிப் பெயர்பெற்ற பாட்டையே அவர் 'ஸ்ரீவள்ளி'யில் பாட, கொட்டகைகள் நிரம்பின. பிறகு 'மச்சரேகை', 'மோகனசுந்தரம்' என்று சொந்தப் படங்கள் எடுத்துக் கடனில் மாட்டினார். 1958-இல் கண்ணதாசனின் 'மாலையிட்ட மங்கை'தான் அவரைத் திரும்பத் தூக்கிவிட்டது. உலகம் புரிய வேண்டிய வயதை மேடையிலும் ஸ்டுடியோவிலும் கழித்த ஒருவருக்குப் பணத்தையும் மனிதர்களையும் எடைபோடக் கற்றுக்கொள்ள எங்கே நேரம் இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

அன்றைக்கு மதுரைச் சீமையில் பிள்ளைகளை நட்சத்திரமாக்கியவை பாய்ஸ் கம்பெனிகள் என்ற சிறுவர் நாடகக் குழுக்கள். 1918-இல் மதுரையில் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பால சபாவில் சேர்ந்தபோது நடிகர் டி.கே.சண்முகத்துக்கு ஆறு வயது. அந்தச் சிறுவனுக்காகச் சுவாமிகள் ஒரே இரவில் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை எழுதி முடித்ததாகச் சொல்வார்கள். எழுதியவரின் மேதைமையை நாம் வியக்கிறோம். அத்தனை வசனத்தையும் பாட்டையும் நெட்டுருப் போட்ட பிள்ளையை நினைப்பவர்கள் குறைவு. சிவாஜி கணேசன் 'நான் அநாதை' என்று சொல்லித்தான் கம்பெனியில் சேர்ந்தார். சோறும் பாடமும் அடியும் கைதட்டலும் ஒரே கூரையின் கீழ் கிடைத்தன. நினைத்தபோது வீட்டுக்குப் போக மட்டும் முடியாது.

அந்தப் பிள்ளைகள் எல்லோரும் பயந்தது மகரக்கட்டுக்கு. மீசை அரும்பும் வயதில் குரல் உடையும். நேற்றுவரை ராஜபார்ட் போட்டவன் ஒரே மாதத்தில் திரை இழுக்கும் பையனாகிவிடலாம். வளர்வது இயற்கை, அந்தக் கம்பெனி வீட்டில் அதுவே பெரிய ஆபத்தாக இருந்தது.

இது முடிந்துபோன கதை என்று நினைத்திருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு திருவிழாக் கச்சேரிக்கு டிவியில் பாடிப் பேர்வாங்கிய ஒரு பையனை அழைத்திருந்தார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். மேடைக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கோட்டுக்குள் கழுத்து வேர்த்திருந்தது. எதிரே ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது, பக்கத்தில் ஐஸ் வண்டி.

"அம்மா, ஒரு குச்சி ஐஸ் மட்டும்…"

"தொண்டை கட்டிக்கும்டா தங்கம். பாடி முடிச்சிட்டு வாங்கித் தாரேன்."

"ராட்டினம்?"

"கூட்டம் மொய்ச்சிடும்பா."

அந்தத் தாய் கல்நெஞ்சக்காரி அல்ல. பனங்கற்கண்டு போட்ட வெந்நீரை ஆற்றி ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பதினோரு மணிக்கு அவன் மேடையேறினான். டிவியில் பாடிய அதே பாட்டை மூன்று தடவை கேட்டோம், மூன்று தடவையும் பாடினான். இறங்கியதும் செல்பிக்கு வரிசை. பிள்ளைகளைத் தோளில் தூக்கி வந்தவர்கள்கூட, தங்கள் பிள்ளை தூங்கிவிட்டதைப் பார்த்தார்கள், இவன் கண் சொருகுவதைப் பார்க்கவில்லை. ராட்டினக்காரர் அதற்குள் விளக்கை அணைத்திருந்தார்.

இப்படிப்பட்ட பிள்ளைகளைக் காக்கச் சட்டம் இல்லாமலில்லை. 1921-இல் வெளியான படத்தில் சாப்ளினுடன் சிறுவனாக நடித்த ஜாக்கி கூகன் வளர்ந்து பார்த்தபோது, சம்பாதித்ததெல்லாம் தாயும் மாற்றாந்தந்தையும் செலவழித்துத் தீர்ந்திருந்தது. அதனால்தான் குழந்தைக் கலைஞர்களின் சம்பாத்தியத்தைக் காக்க 1939-இல் கலிபோர்னியாவில் சட்டம் வந்தது. நம் நாட்டிலும் 2017-இன் விதிகள் இருக்கின்றன: குழந்தைக் கலைஞரை நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைப் பிள்ளையின் பெயரில் வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும், விருப்பமில்லாத பிள்ளையை ஈடுபடுத்தவே கூடாது.

கடைசி விதிதான் முக்கியம். ஆனால் ஊரே கொண்டாடும்போது 'எனக்கு விருப்பமில்லை' என்று எந்தப் பிள்ளையால் சொல்ல முடியும்? அப்பா அட்வான்ஸ் வாங்கியிருப்பார், பள்ளிக்கூடத்தில் பேனர் கட்டியிருப்பார்கள், கமிட்டிக்காரர்கள் நோட்டீஸ் அடித்திருப்பார்கள். பணத்தை வங்கியில் பூட்டிவைக்கலாம். தூக்கத்தையும் விளையாட்டையும் பெயர் தெரியாத பையனாகத் தெருவில் நடக்கிற நிம்மதியையும் எந்த வங்கி காத்துக் கொடுக்கும்?

அதைக் காக்க வேண்டியவர்கள் கேட்கிற நாம்தான். கமிட்டிக்காரர்கள் பிள்ளைகளின் பாட்டை ஏழு மணிக்கு வைத்து எட்டரைக்கு அவர்களை அனுப்பிவிடலாம். 'ஒன்ஸ்மோர்' கேட்காமல் இருக்கலாம். போட்டோவுக்கு முன் "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்கலாம். இனிமேல் பாடவில்லை, படிக்கப் போகிறேன் என்று அவன் ஒருநாள் சொன்னால், "நல்லாப் படிப்பா" என்று மனசார வாழ்த்தலாம். அவன் குரல் உடைகிற வயதில் நம் அன்பு உடையாமல் இருந்தால், அந்தப் பிள்ளை பயமில்லாமல் வளர்வான்.