ஆச்சி அழைத்த பெயர்

சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒருநாள் மாலை, நற்கருணைச் சிமிழையும் நோயாளர் எண்ணெயையும் எடுத்துக்கொண்டு, கிருஷ்ணன்கோவிலிலிருந்து வத்திராயிருப்புக்குப் பிரியும் சாலையில் சென்றுகொண்டிருந்தோம். மேற்கே மலைத்தொடரின்மீது மழைமேகம் இறங்கியிருந்தது. எண்பத்தைந்து வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் நோயுற்றிருப்பதாகச் செய்தி வந்திருந்தது. இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில், மருத்துவமனைகளுக்குச் செல்லும் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகளில் பல்லாண்டுகள் உழைத்தவர் அவர். முகமறியாத மனிதர்களின் புண்களை மூடுவதற்காக நெய்த அந்தக் கைகள், எலும்பும் தோலுமாய்ப் போர்வையின்மீது கிடந்தன.

நோயிற்பூசுதல் முடிந்தது. வாசல்வரை வழியனுப்ப வந்த பேத்தி, கல்லூரியில் முதலாண்டு படிப்பவள், தயங்கியபடியே கேட்டாள்.

“சாமி, ஆச்சி ராத்திரி பூராவும் ‘சர்வேசுரா, சர்வேசுரா’ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. அது யாரு சாமி? எங்க சொந்தத்துல அப்படி யாரும் இல்லையே. செத்துப்போன தாத்தா பேரும் அது இல்ல.”

நமக்குச் சிரிப்பு வந்தது. “அது கடவுளுக்கு நம் முன்னோர் சொன்ன பழைய பெயரம்மா” என்றோம்.

அவள் சிரிக்கவில்லை. “கடவுளுக்குப் பழைய பேரு, புதுப் பேருன்னு மாறுமா சாமி? அப்போ அவரோட சொந்தப் பேரு எது?”

குருமடத்தில் நான்கு ஆண்டுகள் இறையியல் கற்றவர் நாம். கால் நூற்றாண்டுக்கும் மேலாக மறையுரை ஆற்றி வருபவர். ஆயினும் அந்த வாசற்படியில் நின்று கொடுப்பதற்கு நம்மிடம் விடை இல்லை. “இன்னொரு நாள் பேசுவோம்” என்று கூறித் திரும்பினோம். மழை தூறத் தொடங்கியிருந்தது. வழியெல்லாம் அந்தக் கேள்வி உடன் வந்தது.

தமிழ்க் கிறித்தவர் கடவுளை அழைத்த பெயர்களை எண்ணிப் பார்த்தோம். அண்டிரிக் அடிகளார் என நம் முன்னோர் அறிந்த ஹென்றிக் ஹென்றீக்கஸ் 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சிட்ட சிறு நூலின் பெயர் ‘தம்பிரான் வணக்கம்’. அன்று கடவுள் நமக்குத் தம்பிரான். 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலியின் நூல்களில் அவர் சருவேசுரன், அதாவது அனைத்துக்கும் தலைவர். அச்சொல்லே முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கத்தோலிக்க வீடுகளில் அந்திச் செபத்தின் சொல்லாக நிலைத்தது. சீர்திருத்தச் சபையாரிடையே பப்ரிசியுஸ் ‘பராபரன்’ என்று மொழிபெயர்த்தார். 1871-ஆம் ஆண்டின் திருத்தப் பதிப்பு ‘தேவன்’ என்றது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் நம் வழிபாட்டில் தமிழ் தழைத்தபோது, இறைவன், கடவுள், ஆண்டவர் என்னும் சொற்கள் இடம் பெற்றன. 1995-இல் பொது மொழிபெயர்ப்பாகத் திருவிவிலியம் வெளிவந்தபோது நாம் குருமட மாணவர். புத்தம் புதிய அந்நூலைக் கையில் ஏந்திய மகிழ்ச்சி இன்றும் நெஞ்சில் உள்ளது.

அந்த மகிழ்ச்சியோடு ஒரு செருக்கும் சேர்ந்துகொண்டதை இங்கே மறைப்பதற்கில்லை. குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்ட முதல் ஆண்டுகளில், வேறொரு சிற்றூரில், மாலைதோறும் கோவிலில் செபமாலை தொடங்கி வைப்பவர் ஒரு முதியவர். பள்ளிப் படிப்பு இல்லாதவர். அவர் தம் தாயிடம் கற்ற பழைய செபங்களையே சொல்வார். ‘பிரியதத்தம்’ என்றும் ‘சர்வேசுரன்’ என்றும் அவர் குரல் கணீரென்று ஒலிக்கும். ஒரு நாள், மக்கள் எல்லாரும் இருக்கையிலேயே, “பெரியவரே, அந்தச் சொல் எல்லாம் போய்விட்டது; கடவுள் என்று சொல்லுங்கள்” என்று திருத்தினோம். அவர் எழுந்து நின்று, “சரிங்க சாமி” என்றார். மறுநாள் முதல் அவர் செபமாலை தொடங்கவில்லை. கடைசி வரிசையில் அமர்ந்து உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். ஓராண்டுக்குள் இறந்தும் போனார். அவருடைய இறுதிச் சடங்கை நிறைவேற்றியவரும் நாமே. அப்போதும் நமக்கு உறைக்கவில்லை. பேத்தியின் கேள்விக்குப் பிறகுதான், எழுபது ஆண்டுகளாக ஒரு மனிதர் தம் இறைவனை அழைத்து வந்த பெயரை அவர் நாவிலிருந்து பறித்துவிட்டோமே என்பது சுட்டது.

சொந்தப் பெயர் எது? அன்றிரவு விடுதலைப் பயண நூலின் மூன்றாம் அதிகாரத்தைத் திறந்தோம்.

எரியும் முட்செடியின் முன் மோசே நிற்கிறார். அங்கே அவர் கேட்கும் முதல் கேள்வி கடவுளின் பெயரைப் பற்றியது அன்று. பார்வோனிடம் செல்ல நான் யார் என்று தம்மைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார். எகிப்தில் கொலைப்பழிக்கு அஞ்சி ஓடிவந்தவர். மாமனாரின் ஆடுகளை மேய்ப்பவர். அவர் யார் என்பதற்குக் கடவுள் விடை கூறவில்லை. நான் உன்னோடு இருப்பேன் என்று வாக்களிக்கிறார். பன்னிரண்டாம் வசனத்தில் இந்த வாக்கு வருகிறது. அதன் பின்னரே மோசே பெயரைக் கேட்கிறார். பதினான்காம் வசனத்தில் விடை வருகிறது. உன்னோடு ‘இருப்பேன்’ என்று முன்பு சொன்ன அதே எபிரேயச் சொல், ‘எஹ்யே’, இங்கே பெயராகிறது.

குருமடத்தில் இவ்வசனத்தை நாம் வேறு விதமாகக் கற்றோம். எழுபதின்மர் எனப்படும் கிரேக்க மொழிபெயர்ப்பாளர் இதனை ‘இருப்பவர்’ என்று பெயர்த்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ், ‘இருக்கின்றவர்’ என்பதே கடவுளுக்கு மிகப் பொருத்தமான பெயர் என்று நிறுவினார். படைக்கப்பட்டவை எல்லாம் இருப்பைப் பெற்றவை. கடவுளோ இருப்பே ஆனவர். இது ஆழ்ந்த உண்மை; தேர்வில் இதனை எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். ஆனால் செங்கல் சூளையில் முதுகு ஒடிந்துகொண்டிருந்த அடிமைகளுக்கு, கடவுள் இருக்கிறாரா என்பதா வினா? எங்களோடு இருக்கிறாரா என்பதன்றோ அவர்களுடைய வினா!

நம் தாய்மொழி இவ்விடத்தில் நமக்கு ஓர் உதவி செய்கிறது. தமிழில் ‘இருத்தல்’ என்றால் உளதாதல். தங்குதல் என்பதும் அதுவே. இரண்டிற்கும் ஒரே சொல். “வீட்டில் யார் இருக்கிறார்கள்?” என்று கேட்பவர் தத்துவம் பேசவில்லை. ஒரு வீட்டில் சாவு விழுந்தால், உறவினர் வந்து கையைப் பற்றி, “நாங்க இருக்கோம்” என்கிறார்கள். அதற்கு, நாங்கள் உயிரோடு உள்ளோம் என்றா பொருள்? உன்னை விட்டுப் போகமாட்டோம் என்றே பொருள். முட்செடியின் நடுவிலிருந்து வந்த பெயரை, நூல்களின் துணையின்றியே, ஒரு தமிழ்த்தாய் புரிந்துகொள்ள முடியும்.

தொடக்கநூலில் யாக்கோபு, யாப்போக்கு ஆற்றங்கரையில் இரவெல்லாம் போராடி, உம் பெயர் என்ன என்று கேட்கிறார். பெயர் தரப்படவில்லை, ஆசி தரப்படுகிறது. அதே நூலில் வீட்டைவிட்டு ஓடிய அடிமைப் பெண் ஆகார், பாலைநிலத்து நீரூற்றருகில், தன்னைத் தேடிவந்த கடவுளுக்குத் தானே ஒரு பெயர் சூட்டுகிறாள்: என்னைக் காண்கின்றவர் என்று. குலமுதல்வருக்கு மறுக்கப்பட்டது எகிப்தியப் பணிப்பெண்ணுக்குத் தடுக்கப்படவில்லை. அவள் இட்ட பெயரை யாரும் திருத்தவுமில்லை.

இஸ்ரயேலர் அந்த நான்கெழுத்துத் திருப்பெயரை எபிரேய மறைநூலில் 6,800 முறைக்கு மேல் எழுதினர். ஆயினும் காலப்போக்கில் அதனை வாயால் உச்சரிப்பதைத் தவிர்த்து, ‘அதோனாய்’, அதாவது ஆண்டவர், என்றே வாசிக்கலாயினர். 2008-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள், இறைவழிபாட்டுப் பேராயம் உலக ஆயர்களுக்கு மடல் எழுதி, வழிபாட்டிலும் பாடல்களிலும் அப்பெயரை ஒலிக்க வேண்டாம் எனப் பணித்தது. பெயரைக் கைக்குள் அடக்கியவன் பெயருக்குரியவரையும் அடக்கியதாக எண்ணிவிடுவான் அல்லவா? முன்பு நமக்கு நேர்ந்ததும் அதுவே. சரியான சொல் நம்மிடம் உள்ளது என்று எண்ணினோம். அச்சொல்லைக் கொண்டு ஒரு முதியவரை வாயடைக்கச் செய்தோம்.

புதிய ஏற்பாடு இப்பெயருக்கு ஒரு முகத்தைத் தருகிறது. மத்தேயு தம் நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் இம்மானுவேல் என்னும் பெயரை எழுதி, கடவுள் நம்மோடு என அதன் பொருளையும் விளக்குகிறார். கடைசி வசனத்தில் உயிர்த்த ஆண்டவர், உலக முடிவுவரை உங்களோடு இருக்கிறேன் என்கிறார். மோசேக்குத் தரப்பட்ட வாக்குறுதிக்குள்தான் நற்செய்தி முழுவதும் அடங்கியிருக்கிறது. தந்தையைக் காட்டும் என்று பிலிப்பு கேட்டபோதும் இயேசு வரையறை எதுவும் தரவில்லை. இவ்வளவு காலம் உங்களோடு இருந்தும் என்னை அறியவில்லையா என்று சற்று வருத்தத்தோடு வினவுகிறார்.

மூன்று நாள் கழித்து, நள்ளிரவுக்குச் சற்று முன் மீண்டும் அழைப்பு வந்தது. மூதாட்டிக்கு மூச்சு வாங்கியது. கண் திறந்திருந்தும் பார்வை யார்மீதும் நிலைக்கவில்லை. உதடு மட்டும் அதே பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. பேத்தி கட்டிலருகே தரையில் அமர்ந்து, அந்தக் கையைத் தன் இரு கைகளிலும் வைத்திருந்தாள். ஆச்சி “சர்வேசுரா” என்னும்போதெல்லாம் அவள், “இருக்கேன் ஆச்சி, இருக்கேன்” என்றாள். நாம் வந்ததை அவள் கவனிக்கவில்லை. எத்தனை நாழிகையாக அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தாளோ, குரல் கம்மிப் போயிருந்தது. பெயர் கடவுளுடையது, மறுமொழி ஒரு சிறுமியினுடையது. ஆயினும் அந்த மறுமொழி பொய்யானது என்று எந்த இறையியலார் கூறுவார்? தம் பெயரைத் தாமே எவ்வாறு வெளிப்படுத்தினாரோ, அவ்வாறே அவர் அவ்வறையில் மறுமொழி கூறினார்.

திருவில்லிபுத்தூர் இங்கிருந்து தொலைவில் இல்லை. அவ்வூரில் வாழ்ந்த பெரியாழ்வார், இறுதி வேளையில் நினைவு தடுமாறி இறைவனை அழைக்க இயலாமற் போகலாம் என அஞ்சி, அந்த வேளைக்காக முன்கூட்டியே அவரை அழைத்து வைப்பதாகப் பாடினார் என்பதை நம் அண்டை வீட்டார் அறிவர். நாவில் பெயர் நிற்காமல் போகும் அச்சம் எல்லா மனிதருக்கும் பொதுவானது. அவர்களுடைய பக்தி நமக்கும் ஒன்றைக் கற்பிக்கிறது. ஆச்சியும் தறியின் முன் நின்ற காலத்திலெல்லாம் அழைத்து வைத்திருந்தார் போலும். மற்றதெல்லாம் மறந்தபின்னும் அது மறக்கவில்லை.

அன்றிரவு நாம் செபமாலையைத் தொடங்கினோம், பழைய சொற்களில். குழந்தைப் பருவத்தில் பாட்டியின் மடியில் கேட்டவை அவை. இரண்டாம் மணியிலேயே தடுமாறினோம். அப்போது ஆச்சியின் உதடுகள் அசைந்தன; அடுத்த சொல்லை அவரே எடுத்துக் கொடுத்தார். விடியுமுன் அமைதியாக உயிர் பிரிந்தது.

அடக்கத்திற்குப் பின் பேத்தி வந்து நின்றாள். தன் கேள்விக்கு விடை கேட்க வந்தாளோ என எண்ணி, முட்செடியைப் பற்றியும் மோசேயைப் பற்றியும் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டவள், “நான் அன்னைக்கு என்ன சொல்றதுன்னு தெரியாமத்தான் ‘இருக்கேன்’னு சொன்னேன் சாமி” என்றாள். மோசேயும் என்ன சொல்வதென்று தெரியாதவராகத்தான் எகிப்துக்குச் சென்றார் என்றோம்.

அன்பு வாசகரே, உங்கள் இல்லத்திலும் பழைய சொற்களில் செபிக்கும் முதியவர் ஒருவர் இருக்கக்கூடும். அவரைத் திருத்தாதீர்கள், சற்று அருகில் அமருங்கள். நம்மைப் பொறுத்தவரை ஒரு கடன் தீராமல் உள்ளது. வரும் கல்லறைத் திருநாளில், இளங்குருவாக நாம் பணியாற்றிய அச்சிற்றூருக்குச் சென்று, அந்தப் பெரியவரின் கல்லறை முன் நின்று, அவருடைய சொற்களிலேயே ஒரு செபமாலை சொல்ல எண்ணியுள்ளோம். தடுமாறினால் எடுத்துக் கொடுக்க அவர் இல்லை. ஆகவே இப்போதே, நாள்தோறும் இரவில், சொல்லிப் பழகி வருகிறோம்.