நீலப் பம்பும் மண்ணிறப் பம்பும்

லண்டன் ஈஸ்ட்ஹாமில் சனிக்கிழமைகளில் இலவச சட்ட ஆலோசனைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வீசா, வாடகை வீடு, வேலைநீக்கம் என்று ஏதாவது ஒன்றோடு வருவார்கள். 2018இல் மருந்துக் கட்டணத் தண்டக் கடிதத்தோடு வந்த ஓர் அக்காவின் அலுவல் 105 பவுண் 60 பென்ஸ். இதற்கெல்லாம் சட்டத்தரணி எதற்கு என்று தோன்றக்கூடிய தொகைதான். ஆனால் அவர் பேக்கரி ஒன்றில் விடியற்காலை வேலை செய்பவர், வீட்டில் கைக்குழந்தை.

அவருக்குச் சிறுவயதிலிருந்தே தொய்வு. மாவுத்தூசி அதை இன்னும் கூட்டிவிட்டிருந்தது. இரண்டு இன்ஹேலர்களைப் பணம் கட்டாமல் பார்மசியில் வாங்கியிருக்கிறார். அப்போது இங்கிலாந்தில் ஒரு மருந்துக்குக் கட்டணம் 8.80 பவுண். இரண்டுக்கும் 17.60, அதன் ஐந்து மடங்கு தண்டப்பணம் 88. மருந்துத் துண்டின் பின்பக்கம் 'எனக்குக் கட்டண விலக்கு உண்டு' என்ற பெட்டியில் கோடு போடப்பட்டு, கீழே அவருடைய கையெழுத்து.

"நான் களவெடுக்கேல்லைத் தம்பி. பார்மசிப் பிள்ளைதான் கோடு போட்டுத் தந்தது. நான் கையெழுத்து மட்டும்தான் வைச்சனான்."

நடந்தது இதுதான். கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின் ஓராண்டுவரையும் மருந்துகள் இலவசம்; அதற்கான அட்டை அவரிடம் இருந்தது. பிள்ளைக்கு ஒரு வயது முடிந்ததும் அட்டை காலாவதியானது. பார்மசிக் கம்ப்யூட்டரில் மட்டும் விலக்கு அப்படியே நின்றது. அவருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. அதற்குக் காரணம் அவருடைய தங்கை.

தங்கைக்குத் தைரொயிட் குறைவு, தினமும் ஒரு மாத்திரை. அந்த வருத்தம் விலக்குப் பட்டியலில் இருக்கிறது. பட்டியலில் இருப்பவருக்கு அந்த ஒரு மாத்திரை மட்டுமல்ல, காதுவலிக்கு எழுதித் தரும் மருந்துவரை எல்லாமே இலவசம். வாழ்நாள் வருத்தம் என்றால் காசில்லை என்று அக்கா விளங்கிக்கொண்டதில் என்ன பிழை? தொய்வும் வாழ்நாள் வருத்தம்தானே.

சட்டத்தில் எங்களுக்கு ஒரே ஒரு வழி இருந்தது. தவறான நோக்கமோ கவனக்குறைவோ இல்லாமல் நடந்துகொண்டதாகக் காட்டினால் தண்டப்பணம் கட்டவேண்டியதில்லை. காட்டவேண்டிய பொறுப்பு நோயாளியுடையது. முறையீட்டை முதலில் கேட்பதும் கடிதம் அனுப்பிய அதே அலுவலகம்தான். எங்கள் பலவீனம், அட்டையில் காலாவதித் தேதி தெளிவாக அச்சடிக்கப்பட்டிருந்தது. பலம், பழைய விலக்கைப் பார்மசிப் பதிவே தொடர்ந்து காட்டியது.

தேதிகளைச் சரிபார்க்க அவருடைய குடும்ப வைத்தியரான ஜீபியிடமிருந்து மருந்துப் பதிவை எடுப்பித்தேன். தேடிப்போனது ஒன்று, கண்ணில் பட்டது வேறொன்று. கர்ப்பத்துக்கு முந்திய காலத்தில் நீல இன்ஹேலர் அடிக்கடி, மண்ணிற இன்ஹேலர் எப்போதாவது. இலவச அட்டை கிடைத்ததிலிருந்து மண்ணிறமும் ஒழுங்காக மாதாமாதம். நீலம், மூச்சு முட்டும்போது மூச்சுக்குழாயை உடனே திறந்துவிடுகிற சல்பியூட்டமோல். மண்ணிறத்தில் இருப்பது ஸ்டீரொயிட். முட்டே வராமல் தடுப்பதற்கானது. ஏன் இப்படி என்று கேட்டேன்.

"நீலம் அடிச்சா உடன மூச்சு வரும். மண்ணிறம் அடிச்சா ஒண்டும் தெரியாது. ஒண்டுக்குத்தான் காசிருந்தா நீங்க எதை வாங்குவியள்?"

உயிரைக் காப்பது அந்த மண்ணிறம்தான். தொய்வால் இறந்தவர்களைப் பற்றி 2014இல் ராயல் கொலிஜ் ஒவ் பிசிசியன்ஸ் வெளியிட்ட ஆய்வு, நீலத்தை அளவுக்கு மேல் நம்பித் தடுப்பு மருந்தைக் குறைவாக எடுப்பதைப் பெரிய குறையாகச் சுட்டியிருந்தது. அந்த ஜீபி பதிவை எந்த அமைச்சரின் மேசையிலும் வைக்கலாம். என் கடிதத்தில் மட்டும் வைக்க முடியாது. கட்டணம் அவருக்குப் பாரமாக இருந்தது என்று எழுதினால், ஏமாற்ற ஒரு காரணம் இருந்தது என்றே எதிர்த்தரப்பு வாசிக்கும். எடுத்துவைத்துவிட்டேன்.

அந்தப் பட்டியலின் கதையையும் சொல்லவேண்டும். 1948இல் அரச சுகாதார சேவை மருந்தை இலவசமாகக் கொடுத்தே தொடங்கியது. 1952இல் கட்டணம் வந்தது. ஹரல்ட் வில்சன் அரசு 1965இல் அதை நீக்கி, பவுணின் மதிப்பு விழுந்த பிறகு 1968இல் திரும்பக் கொண்டுவந்தது. அப்போது போட்ட விலக்குப் பட்டியல்தான் இன்றும். மருந்து எடுக்கிற சலரோகம், வலிப்பு, தைரொயிட் குறைவு, அடிசன் நோய் என்று சில. 2009இல் புற்றுநோய் சேர்ந்தது. சிஸ்டிக் பைப்ரோசிஸ் அதில் இல்லை; அந்த வருத்தத்தோடு பிறந்த குழந்தைகள் அன்றைக்குப் பெரியவர்களாக வளரும்வரை பிழைப்பதே அரிது. அக்காவின் நீல மருந்து விற்பனைக்கு வந்தது 1969இல், மண்ணிறம் 1972இல். இரண்டுமே பட்டியலுக்குப் பின் பிறந்தவை.

நீண்டகால வருத்தமுள்ள எல்லோருக்கும் விலக்கை விரிக்கலாம் என்று பேராசிரியர் இயன் கில்மோர் அறிக்கை 2010இல் சொன்னது. அரசு அதை எடுத்துக்கொள்ளவில்லை. வேல்ஸ் 2007இலும், வட அயர்லாந்து 2010இலும், ஸ்கொட்லாந்து 2011இலும் கட்டணத்தையே தூக்கிவிட்டன.

மறுபக்க வாதத்தையும் நான் லேசாகத் தள்ளமாட்டேன். இந்தக் கட்டணத்தில் ஆண்டுக்கு 50 கோடி பவுணுக்கு மேல் வருகிறது. வசதியுள்ள சலரோகக்காரர் ஏன் இலவசமாக வாங்கவேண்டும் என்ற கேள்வி நியாயமானது. அப்படியென்றால் வருமானத்தைப் பார்த்து வாங்கட்டும். வங்கி மேலாளருக்குத் தைரொயிட் என்றால் இலவசம், பேக்கரித் தொழிலாளிக்குத் தொய்வு என்றால் காசு. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? இங்கிலாந்தில் கொடுக்கப்படும் மருந்துகளில் பத்தில் ஒன்பது எப்படியும் கட்டணமில்லாமல்தான் போகின்றன. மிஞ்சும் ஒரு பங்கு வேலைக்குப் போகிற வயதினரின் தலையில்தான் விழுகிறது.

பட்டியலையே எதிர்த்து வழக்குப் போடலாமா என்று பாரிஸ்டர் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். காசு சம்பந்தப்பட்ட கொள்கைக் கோடு, நீதிபதிகள் அதைப் பாராளுமன்றத்திடமே விட்டுவிடுவார்கள் என்றார். எனக்கும் அதுதான் பட்டது.

எங்கள் முறையீட்டில் 88 பவுண் தள்ளுபடியானது. 17.60 கட்டச் சொன்னார்கள், கட்டினார். அதைவிடப் பயனுள்ள வேலை அன்றே முடிந்தது: முன்பணச் சான்றிதழ் ஒன்று எடுத்துக்கொடுத்தேன். அப்போது ஆண்டுக்கு 104 பவுண். பத்துத் தவணையாக வங்கியிலிருந்து கழியும், எத்தனை மருந்தும் வாங்கலாம். கடிதத்தில் அவரிடம் கேட்ட மொத்தத் தொகை அதைவிடக் கூட. இப்படி ஒன்று இருப்பதையே அவருக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

கொஞ்சக் காலத்துக்குப் பிறகு தன்னோடு வேலைசெய்யும் ஒருவரைக் கூட்டிவந்தார். அவர் கையிலும் அதே மாதிரிக் கடிதம். அவருக்கு வலிப்பு, தினமும் மாத்திரை. பட்டியலில் இருக்கிற வருத்தம், ஆனால் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கவேண்டும் என்று அவருக்குத் தெரியாது. ஜீபியின் கையெழுத்தோடு ஒரு படிவம் போனது, அலுவல் முடிந்தது. வாசலில் காத்திருந்த அக்கா, "இவருக்கு இவ்வளவு கெதியா முடிஞ்சுதோ?" என்று கேட்டார்.