கழற்றக்கூடிய கார்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கெல்லாம் எங்கள் ஊரில் பழைய கார்கள் வந்து கூடிவிட்டன. கூடுவாஞ்சேரியிலிருந்து நெல்லிக்குப்பம் போகும் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தின் திறந்தவெளி. முகூர்த்தம் இல்லாத நாள். சென்னையிலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் இருபது, இருபத்தைந்து வண்டிகள் வந்திருக்கும். மேடை, நடுவர், கோப்பை எதுவும் கிடையாது. வெயில் ஏறுமுன் வந்து, ஒருவர் வண்டியின் பானட்டை மற்றவர் திறந்து பார்த்து, இட்லி சாப்பிட்டுவிட்டுக் கலைந்து போகிற கூட்டம்.

நான் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. எங்கள் வீட்டுப் பின்கட்டில், வேப்பமரத்தடித் தகரக் கொட்டகையில், அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு நிற்கிறது. 1970ஆம் வருடத்து வண்டி. நான்கு கதவு, கிரீம் நிறம். அப்பா அதை 1981இல் இரண்டாம் கையாக வாங்கினார். 2009இல் அவர் போனபிறகு யாரும் ஓட்டவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் இரண்டு நாட்கள் பாதிச் சக்கரம் மூழ்கி நின்றது. இப்போது வீட்டை இடித்துக் கட்டப் போகிறோம். மாதக் கடைசிக்குள் கொட்டகையை ஒழிக்க வேண்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். இரும்புக் கடைக்காரர் எடைக்குக் கேட்கிறார். அந்த வண்டியை ஓட வைக்க முடியுமா என்று யாரையாவது கேட்க வேண்டும் என்பதுதான் அன்று காலை எனக்கிருந்த ஒரே வேலை.

வாசலருகே இரண்டு பத்மினி, ஒரு காண்டெஸா, நெற்றியில் சந்தனப் பொட்டோடு ஓர் அம்பாஸடர். உள்ளே ஒரு வோக்ஸ்வாகன் பீட்டில். எல்லாவற்றையும் தாண்டி ஒரு மூலையில் கூட்டம் மொய்த்துக்கொண்டிருந்தது. சிவப்பு நிறத்தில், கூரையில்லாத ஸ்போர்ட்ஸ் கார். கல்லூரிப் பையன்கள் மாறி மாறி அதில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "இத்தாலி வண்டிடா" என்றான் ஒருவன்.

முன்விளக்கின் அமைப்பைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உரிமையாளரிடம் கேட்டேன். சிரித்தார். "ஹெரால்டுதான் சார். பழைய ரெண்டு கதவு மாடல். கூரையைக் கழட்டிட்டு கான்வாஸ் போட்டிருக்கேன். அவ்வளவுதான்."

பையன் சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது. ஹெரால்டை வடிவமைத்த ஜியோவானி மிக்கெலோட்டி இத்தாலிக்காரர்தான். ஆனால் அதன் எலும்பைத் தீர்மானித்தது அழகுணர்ச்சி அல்ல, நெருக்கடி. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு ட்ரையம்ப் நிறுவனத்துக்கு உடற்கூடு செய்து கொடுத்துவந்த ஆலையை 1953இல் போட்டி நிறுவனம் ஒன்று வாங்கிவிட்டது. ஒரே துண்டாக வார்த்த உடலைச் செய்துதர ஆளில்லை. ஆகவே தனியாக ஒரு சேஸ், அதன்மேல் வெவ்வேறு பட்டறைகளில் அடித்த தகடுகளை போல்ட்டால் முடுக்கிச் சேர்ப்பது என்று முடிவெடுத்தார்கள். 1959இல் ஹெரால்டு இப்படித்தான் பிறந்தது. அதே சேஸைக் குறுக்கி 1962இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். நடுத்தர வீட்டுக் காருக்கும் பந்தயக் கனவுக்கும் ஒரே முதுகெலும்பு.

துண்டு துண்டாகப் பிரியும் வண்டி கடல் தாண்டுவதற்கும் வசதியானது. சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961இல் ஹெரால்டைத் தயாரிக்கத் தொடங்கியது. அதன் தொழிற்சாலை ஜி.எஸ்.டி. சாலையில், பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் இடையே, நாங்கள் நின்றிருந்த இடத்திலிருந்து ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டரில் இருந்தது. பிற்பாடு இங்கிலாந்தில் இல்லாத நான்கு கதவு ஹெரால்டை அவர்கள் இங்கே செய்தார்கள். 1970களில் கெஸல் வந்தது. 1985இல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. ரோவரின் உடல், அதற்குள் பழைய வான்கார்டு வம்சத்து எஞ்சின். மூன்றாண்டுகளில் அதுவும் நின்றது, ஆலையும் நின்றது. இன்று அந்தப் பக்கம் கண்ணாடிக் கட்டடங்களும் அடுக்குமாடிகளும். கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்துக்கு விரைபவர்கள் யாரும் அங்கே தலை திருப்புவதில்லை.

சிவப்பு வண்டிக்காரர் எனக்கு ஒரு மெக்கானிக்கைக் காட்டினார். புதுப்பேட்டையில் நாற்பது வருடம் தொழில் செய்தவர். எல்லோரும் பாய் என்றே அழைத்தார்கள். ஒரு மோரிஸ் மைனரின் கார்புரேட்டரைக் கையில் வைத்து, காதருகே ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதை முழுதும் கேட்டார். பிறகு, "வீடு எவ்வளவு தூரம் தம்பி?" என்றார். ஒன்பது மணிக்கு என் ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

கொட்டகையில் அவர் முதலில் வண்டியைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். தரையில் துருத்தூள் செம்மண்போல் கோடு போட்டிருந்தது. பிறகு இருபக்கத் தாழ்களையும் விடுவித்து பானட்டைத் தூக்கினார். ஹெரால்டின் பானட் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாக, முதலை வாய்போல் திறக்கும். எஞ்சின் முழுதும் வெளியே வந்துவிடும். அப்பா முன்சக்கரத்தின் டயர்மேல் உட்கார்ந்துதான் பிளக் துடைப்பார். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போன ஒவ்வொரு முறையும் எங்காவது ஒரு புளியமரத்தடியில் அவர் அப்படி உட்கார்ந்திருந்த காட்சி எனக்கு நினைவிருக்கிறது. அவருக்கு அதில் எரிச்சல் இருந்ததே இல்லை. வீட்டில் எதற்கெல்லாமோ கத்துகிறவர், அந்த டயர்மேல் மட்டும் பொறுமைசாலி.

பாய் கீழே படுத்து, ஸ்க்ரூ டிரைவரால் சேஸைக் குத்தினார். உள்ளே போய்விட்டது. இன்னோர் இடத்தில் குத்தினார். அங்கேயும் போயிற்று. எழுந்து கையைத் தட்டிக்கொண்டார்.

"சேஸ் போயிடுச்சு தம்பி. வெல்டு வச்சா பிடிக்க இரும்பு வேணும்ல. ஓடற ஹெரால்டு நாலஞ்சு எனக்குத் தெரியும். ஒண்ணுக்கு பானட் இல்ல. ஒண்ணுக்கு கியர் பாக்ஸ் அழுதுட்டு இருக்கு. உங்க அப்பா இதை நல்லா வச்சிருந்திருக்காரு. மேல உள்ளதெல்லாம் உசுரோட இருக்கு."

அவர் சொல்ல வந்தது எனக்குப் புரிந்தது. புரியாததுபோல், ஐம்பது வருடம் கடந்த வண்டிகளுக்கு 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதியைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். விண்டேஜ் என்று பதிந்து 'வி.ஏ.' எழுத்துள்ள தனி நம்பர் வாங்கலாம். சேஸிலும் உடலிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றமில்லாமல் அசலாக இருக்க வேண்டும் என்கிறது விதி. அதற்காகவாவது முழுசாக வைத்திருக்கலாமே என்றேன்.

பாய் சிரிக்கவில்லை. "காலையில நின்ன வண்டிங்களைப் பார்த்தீங்கல்ல? அந்த மைனருக்கு மூணு மைனரோட சாமான் போட்டிருக்கு. எல்லாம் நான் போட்டதுதான். ஒரு வண்டி நிக்கணும்னா இன்னொண்ணு படுக்கணும்."

காலையில் நான் பார்த்தது இருபத்தைந்து வண்டிகள் அல்ல என்று அப்போது தோன்றியது. அவற்றுக்குள் எத்தனையோ பின்கட்டுகளின் வண்டிகள் வந்து நின்றிருந்தன. நான் முழுமை என்று பிடித்துக்கொண்டிருந்தது வேப்பஞ்சருகு மூடிய ஒரு வடிவத்தை மட்டுமே. அதைக் காப்பாற்றுவதாக நினைத்துப் பதினைந்து வருடங்களுக்குமேல் துருவுக்குத் தின்னக் கொடுத்திருக்கிறேன். கழற்றிச் சேர்ப்பதற்கென்றே செய்யப்பட்ட வண்டி அது. அப்பாவுக்கு அது தெரியும். எனக்குத்தான் அவர் போனபிறகு ஒரு போல்ட்டைத் தொடவும் கை வரவில்லை.

அம்மாவிடம் சொல்லத்தான் பயமாக இருந்தது. பாய்க்குக் காபி கொண்டுவந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "எடைக்குப் போடலையே?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். சரி என்று டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

புதன்கிழமை இரண்டு பையன்களோடு பாய் வந்தார். போல்ட்டுகள் நான் பயந்த அளவுக்கு அடம்பிடிக்கவில்லை. மாலைக்குள் கதவுகள், கியர் பாக்ஸ், ஸ்டியரிங், கண்ணாடிகள் எல்லாம் குட்டியானையில் ஏறின. பானட்டை நிமிர்த்தி வைத்து, கயிறு போட்டுக் கட்டினார்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவை ரத்து செய்யும் வேலை இனிமேல்தான். வண்டி கிளம்பும்போது அம்மா வாசலுக்கு வந்து, பானட் எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்டாள். வேலூர் என்றார் பாய். "அங்க மழை கம்மிதான்" என்றாள் அம்மா.