கூண்டு திறக்காத நாட்கள்

ஜனவரி 20
கம்பு தூவினேன். சாம்பல் ஆண் புறா கொத்துகிறது. அலகு தானியத்துக்கு அரை அங்குலம் தள்ளி வெறுந்தரையில் படுகிறது. திரும்பத் திரும்பக் கொத்தியும் ஒரு மணிகூட வாயில் ஏறவில்லை. தலையில் நடுக்கம். எச்சம் தண்ணீராகப் போகிறது. தனிப்பெட்டிக்கு மாற்றிவிட்டேன்.

ஜனவரி 21
கழுத்து முறுக்கிக்கொண்டு அலகு வானத்தைப் பார்க்கிறது. கால்நடை மருத்துவர் பார்த்ததுமே சொல்லிவிட்டார். கோழிகளை வெள்ளைக்கழிச்சலில் கொத்தாகச் சாய்க்கும் ராணிக்கெட் வைரஸின் புறா வகை இது. நரம்பைத் தாக்குவதால்தான் இந்த முறுக்கு. வைரஸைக் கொல்ல மருந்தில்லை.
"ஊட்டி விட்டா பல புறா பிழைச்சுக்கும். ஆனா கூண்டை மட்டும் திறந்துடாதீங்க."
புறா வளர்க்கும் நண்பர்கள் கொன்றுவிடச் சொல்கிறார்கள். பசியோடு கொத்திக்கொண்டிருக்கும் உயிரை எப்படிக் கொல்வது?

ஜனவரி 23
ஊறவைத்த பட்டாணியை ஒவ்வொன்றாக அலகுக்குள் தள்ளுகிறேன். இரைப்பை மெத்தென்று நிறைவதை விரலால் தடவிப் பார்த்து நிறுத்துகிறேன். தண்ணீருக்கு ஆழமான கிண்ணம். தட்டில் வைத்தால் அதற்கு எட்டவில்லை.

ஜனவரி 25, சனி
பக்கத்து வீட்டு அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் மாடிக்கும் அவர் கோழிகளுக்கும் நடுவே ஒரு கைப்பிடிச்சுவர்தான். 1984இல் பிரிட்டனில் லிவர்பூல் துறைமுகக் கிடங்கில் நோய்ப்புறாக்களின் எச்சம் தீவனத்தில் கலந்து, அது போன பல பண்ணைகளில் கோழிகளுக்கு நோய் வந்தது. எச்சம், தீவனம், செருப்பு, எதில் ஏறியும் இது பயணம் போகும்.
அக்கா கோபப்படவில்லை. "நல்லவேளை சொன்னீங்க தம்பி" என்று கோழிகளைக் கூடையில் போட்டுக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குக் கிளம்பிவிட்டார். பெரிய கோழிகளுக்கு இறக்கைக்கடியில் ஊசி, குஞ்சுகளுக்குக் கண்ணில் சொட்டு. ஊசி மருந்துக்கான வைரஸ் வகை முக்தேசுவரில் உருவானது. 1920களின் கடைசியில் இந்தியாவில் இந்நோய் முதலில் பதிவான ராணிக்கெட்டும் அதே குமாவுன் மலையில்தான் இருக்கிறது.

பிப்ரவரி 6
இன்னும் இரண்டுக்குக் கழுத்து திரும்பிவிட்டது. குஞ்சு ஒன்று இறந்தது. சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைத்தேன். நெல்லூர் பந்தயத்துக்குப் போகவில்லை. ஒரே வண்டியில் பல வீட்டுப் புறாக்கள் ஏறும்.

மார்ச் 4
சாம்பல் தானாகக் கொத்தித் தின்கிறது. திடுக்கிட்டால் மட்டும் கழுத்து மறுபடி சுழல்கிறது. தேறிய புறாவும் சில வாரம் எச்சத்தில் வைரஸை வெளியேற்றலாம் என்பதால் கூண்டு இன்னும் பூட்டியே இருக்கிறது. நோய் தொடாதவற்றுக்கு நாளை தடுப்பூசி. இனி சந்தையில் வாங்கும் எந்தப் புறாவும் ஒரு மாதம் கீழ்வீட்டில் தனியாக இருந்துவிட்டுத்தான் மாடியேறும்.