கறுப்புச் சொண்டு

சிங்கராஜ வனத்தில் நான் பச்சைச் சொண்டுச் செண்பகத்தைக் காணவில்லை. கண்டதாகச் சில வருடங்களாகச் சொல்லி வருகிறேன். ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று அதைப் பற்றிப் பேசியும் இருக்கிறேன். பிழையாக அடையாளம் கண்டுவிட்டேன் என்று மட்டும் இப்போது சொன்னால் அதுவும் அரைப் பொய்தான். மழைக்காட்டில் பிழை விடாத பறவைக்காரர் எவரும் இல்லை. நான் செய்தது வேறு.

முதலில் பறவையைச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்து வேலிகளில் நடந்து திரியும் செண்பகத்தை அறியாதவர் இல்லை: கருநீல உடம்பு, செங்கல் நிறச் செட்டை, சிவந்த கண், கறுப்புச் சொண்டு. அதற்கு ஓர் ஒன்றுவிட்ட சகோதரம் நாட்டின் தென்மேற்கு ஈரவலயக் காடுகளில் இருக்கிறது. உலகில் வேறெங்கும் இல்லை. ஆள் கொஞ்சம் சிறியது. செட்டையின் சிவப்பு மங்கல். குரல் இன்னும் ஆழத்திலிருந்து வரும். இரண்டு மூன்று தடவை முழங்கிவிட்டு அடங்கிவிடும். புத்தகத்தில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கும்போது இந்த வேறுபாடுகள் மிகத் தெளிவு. காட்டு இருட்டில் ஒற்றைப் பறவை நிற்கும்போது, சிறியது என்றால் எதைவிடச் சிறியது, மங்கல் என்றால் எதைவிட மங்கல்? அடித்துச் சொல்ல உதவுவது சொண்டு ஒன்றுதான். ஊர்ச் செண்பகத்துக்குக் கறுப்பு, இதற்கு வெளிர்பச்சை. அந்தச் சொண்டையும் காட்டாமல் மூங்கில் பற்றைகளுக்குள் நிலத்தோடு ஒட்டித் திரிவது இதன் வழக்கம். போதாததற்கு, காட்டின் ஓரங்களுக்கு ஊர்ச் செண்பகமும் தாராளமாக வந்துபோகும்.

நாங்கள் ஒரு குழுவாகச் சிங்கராஜாவின் குடாவ வாசலால் போனோம். இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. எங்களோடு ஒரு மாஸ்டர் வந்திருந்தார். ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர், எழுபதைத் தாண்டியவர். அட்டைக் காலுறையை முழங்கால் வரை இழுத்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் தடி, மறு கையில் பழைய பைனாக்குலர். இந்த நாட்டுக்கே உரிய முப்பத்துச் சொச்சம் பறவைகளில் அவருக்கு மிச்சம் இருந்தது இது ஒன்றுதான். வானில் வரும்போதே அதைச் சொல்லிவிட்டார். பறவை தெரிந்தவன் என்று குழுவில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அதனால் “தம்பி காட்டுவார்” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

வழிகாட்டி அந்த ஊர்க்காரர். அவருடைய காதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சிங்கராஜாவில் பல இனப் பறவைகள் ஒன்றாகக் கூடி மேயும். சராசரியாக ஒரு கூட்டத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட பறவைகள் என்பது அங்கே நடந்த நீண்டகால ஆய்வு சொல்லும் கணக்கு. அந்தக் கூட்டங்களோடு போகும் கொண்டைக் கரிக்குருவி மற்றப் பறவைகளைப் போலக் கூவி ஆளை ஏமாற்றும். அந்தப் போலிக் குரல் மற்றப் பறவைகளையும் கூட்டத்துக்கு இழுக்கிறது என்று ஈபன் குடேலும் சரத் கொட்டகமவும் ஒலிப்பதிவை ஒலிக்கவிட்டுக் காட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு நான் பறவையின் பெயரைச் சொல்லி வாய் மூடுமுன் “அது கரிக்குருவி, மாத்தையா” என்று வழிகாட்டி திருத்தினார். பிறகும் ஒருமுறை திருத்தினார். இரண்டு தடவையும் அவர் சொன்னதே சரி. எனக்கு உள்ளுக்குள் ஏறிவிட்டது.

செண்பகம் பாதையின் இடப்பக்கம், பற்றைக்குள் தாழ்ந்த கொப்பில் நின்றது. நனைந்து இறகு ஒட்டிப்போய், உண்மையிலேயே சிறிதாகத் தெரிந்தது. மேலே இலைகளுக்கூடாக வந்த வெளிச்சம் ஈரச் சொண்டின் மேல்விளிம்பில் பட்டு வெளிறி மின்னியது. பச்சை என்றேன். அந்தக் கணத்தில் அதை நம்பித்தான் சொன்னேன், அதுவரைக்கும் குற்றமில்லை.

வழிகாட்டி தலையை ஆட்டினார். சாதாரண எட்டி குகுளாதான், அதாவது ஊர்ச் செண்பகம்தான் என்றார். “உங்களுக்கு இடைவெளியால தெரியேல்லை” என்று சிங்களத்தில் அவரை வெட்டினேன். மாஸ்டர் பைனாக்குலரை எடுத்துத் தேடிப் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

“எங்கட வேலியில நிக்கிற செண்பகம் மாதிரித்தான் கிடக்கு, தம்பி. சொண்டு பச்சையோ?”

“ஓம் மாஸ்டர், பச்சை.”

“நீர் வடிவாப் பாத்தனீரோ?”

இந்தக் கேள்விக்கும் என் பதிலுக்கும் இடையில்தான் அது நடந்தது. பறவை சொண்டைக் கொப்பில் இருபுறமும் தேய்த்துவிட்டு, வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பியது. அடி முதல் நுனி வரை கறுப்பு. கரிச்சட்டிக் கறுப்பு. மாஸ்டர் நின்ற பக்கத்தில் ஓர் இலை மறைத்தது, எனக்கு மறைக்கவில்லை. கமெராவைக் கண்ணில் வைத்திருந்தேன், விரலும் தானாக அழுத்திவிட்டது.

“பாத்தனான்” என்றேன்.

பறவை பற்றைக்குள் இறங்கிவிட்டது. மாஸ்டர் பைனாக்குலரைக் கழற்றித் துடைத்தார். பிறகு என் தோளில் தட்டினார். எல்லோரும் அவருக்குக் கைகொடுத்தார்கள். வழிகாட்டி ஒன்றும் சொல்லாமல் முன்னால் நடந்தார். வாசலில் அவருக்கு வழக்கத்தைவிட அதிகமாகவே காசு கொடுத்தேன். அதை என் தாராளம் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். பத்துப் பேர் முன்னால் அவரை ஒன்றும் தெரியாதவராக்கியதற்கு நான் கட்டிய தண்டப்பணம் அது. அவர் அதை எண்ணிப் பார்க்காமல் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கும்.

கலவானையில் பிளேன்ரீ குடிக்க இறங்கினபோது, மற்றவர்கள் கடைக்குள் போனதும் வானுக்குள் இருந்துகொண்டு கமெராவைப் பார்த்தேன். கறுப்புச் சொண்டு, கண்ணின் சிவப்பு, சொண்டில் ஒட்டிய மரப்பாசி முதற்கொண்டு துல்லியமாக விழுந்திருந்தது. என் வாழ்க்கையில் எடுத்த மிக நல்ல செண்பகப் படம் அதுதான். அழித்தேன்.

வீட்டுக்கு வந்து, பறவைக்காரர்கள் கண்டதைப் பதியும் இணையத்தளமான இபேர்டிலும் பதிந்தேன். அரிய பறவையை ஆகாத இடத்தில் பதிந்திருந்தால் யாராவது ஆதாரம் கேட்டிருப்பார்கள். இது இருக்க வேண்டிய பறவை, இருக்க வேண்டிய காடு, ஒருவரும் கேட்கவில்லை. நம்பும்படியான பொய்க்குச் சோதனையே இல்லை. ஓர் அருகிவரும் இனம் எங்கே, எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் பார்ப்பவர்களின் கையில் என் வேலிச் செண்பகமும் போய்ச் சேர்ந்திருக்கும்.

தீபால் வரகாகொடவின் கதை தெரிந்தவன் நான். அவர் 1995 இல் கித்துல்கல காட்டில் அறியாத குரலொன்றைக் கேட்டார். அந்தக் குரலுக்குரிய பறவையைக் கண்டது 2001 ஜனவரியில், இதே சிங்கராஜாவில்தான். விஞ்ஞானத்துக்கே புதிய சின்ன ஆந்தை. அது முறைப்படி விவரிக்கப்பட்டது 2004 இல். இந்தக் கதையை நான் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு. தெரியாததைத் தெரியாது என்று அந்த மனிதர் எத்தனை வருடம் பொறுத்திருந்தார் பாருங்கள் என்று, குரலை உயர்த்தி. எனக்கோ தெரிந்ததைத் தெரியும் என்று சொல்லவே முடியவில்லை. மாஸ்டரின் சந்தோஷத்துக்காக என்று வெகுநாள் எனக்கு நானே சமாதானம் சொல்லி வந்தேன். அது சரியில்லை. அவர் கேட்டபோது எனக்கு ஞாபகம் வந்தது வழிகாட்டியின் முகம்தான், மாஸ்டரின் முகம் இல்லை. மூன்றாவது தடவையும் அவரிடம் தோற்க நான் தயாராக இருக்கவில்லை.

இபேர்ட் பதிவைப் போன கிழமை நீக்கிவிட்டேன். வழிகாட்டியை இன்னும் தேடிப் போகவில்லை. மாஸ்டரிடமும் சொல்லவில்லை. வாழ்நாள் முழுக்கத் தன் வேலியில் கண்ட பறவையைத் திரும்பவும் காண, அந்த வயதில் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு அவ்வளவு தூரம் வந்தார் என்பது அவருக்குத் தெரியாது. பட்டியல் நிறைந்துவிட்டது என்று பைனாக்குலரைப் பேத்திக்குக் கொடுத்துவிட்டாராம். இந்த இதழ் தவறாமல் அவர் வீட்டுக்குப் போகிறது. பின்பக்கத்துக் குறுக்கெழுத்தை முடித்த பிறகுதான் மற்றதெல்லாம் வாசிப்பார். அதற்குள் நான் போன் எடுக்க வேண்டும்.