யாருக்குத் தாயி?

பொங்கலுக்கு முந்தின வாரத்து அருப்புக்கோட்டை பஜார். மஞ்சள்கொத்து இன்னும் வந்து இறங்கவில்லை. கரும்பு ஏற்றிய லாரி ஒன்று தெருமுனையில் நின்று, போகிற வருகிற வண்டிகளிடம் வசவு வாங்கிக்கொண்டிருக்கிறது. பூட்டிக் கிடக்கும் கடையொன்றின் ஷட்டர் ஓரமாக, பிரித்துத் தைத்த உரச்சாக்கை விரித்து, அதன்மேல் ஓலைச் சாமான்களைப் பரப்பியிருக்கிறார் ஓர் அம்மா. வயது அறுபதைத் தாண்டியிருக்கும். சாயல்குடிப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் மூட்டையோடு வந்ததாக டீக்கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த டீக்கடை பெஞ்சில்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

கொட்டான்கள் அளவு வாரியாக ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கின்றன. மூடி போட்ட பெட்டிகள், சொளகு, விசிறி, வெற்றிலைப் பெட்டி, உள்ளே கல் போட்டு முடைந்த கிலுகிலுப்பை. பின்னால் சுவரில் சாய்த்து வைத்த பெரிய நார்ப்பெட்டிகள். ரோஸ், வயலட், பச்சை என்று சாயம் ஏற்றியவை முன்வரிசையில். சாயம் காணாத ஓலை, வெளுத்த சந்தன நிறத்தில் பின்வரிசையில்.

கூவி விற்பதெல்லாம் கிடையாது. குனிந்து ஒன்றைக் கையில் எடுப்பவரிடம் விலை சொல்வதுகூட இல்லை. பெண் என்றால் "யாருக்குத் தாயி?" ஆண் என்றால் "யாருக்குய்யா?" அதற்குப் பதில் வந்த பிறகுதான் மற்ற பேச்சு.

டிவிஎஸ் எக்ஸெல்லை ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்தவருக்கு ஐம்பது, ஐம்பத்தைந்து இருக்கலாம். துண்டைத் தலையில் கட்டியிருந்தார். வந்த வேகத்தில் வயலட் கோடு போட்ட பெட்டியைத் தூக்கினார்.

"யாருக்குய்யா?"

"மகளுக்கு. தலைப்பொங்கல்."

"எந்தூர்ல குடுத்திருக்கீக?"

"நரிக்குடிப் பக்கம்."

"மாமியா இருக்காகளா? கூட்டுக் குடும்பமா, தனியா இருக்காகளா?"

"பொட்டி வாங்க வந்தா ரேசன் கார்டக் கேப்ப போலயே!"

அம்மா சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்த வயலட் பெட்டியை வாங்கிக் கீழே வைத்தார். பின்வரிசையிலிருந்து சாயமில்லாத பெரிய பெட்டி ஒன்றை இழுத்து, அடியைத் திருப்பிக் காட்டினார். இரட்டை ஓலை. விளிம்பில் பனைநார் வைத்து நெருக்கமாகப் பொத்தியிருந்தது.

"கலரு ஓலை ரெண்டு நாளைக்கு மினுக்கும். பொங்கப்படி போயிச் சேந்த பெறகு இதுல அரிசியப் போட்டு வச்சிக்கிடலாம். நம்ம வீட்டுப் பொட்டின்னு அந்த வீட்டுல ஒண்ணு கெடக்கணும்ல?"

அவர் தலையாட்டினார். உடனே, கையகல வயலட் கொட்டான் ஒன்று, மூடியோடு, பெரிய பெட்டிக்குள் விழுந்தது.

"இது பிள்ளைக்கு மட்டும். கம்மலு, காசு போட்டுக்கிடட்டும். சீர்த் தட்டுல வைக்காதீக. கையில குடுங்க."

பெரிய பெட்டிக்கு இருபது ரூபாய் குறைக்கச் சொல்லிக் கொஞ்ச நேரம் மல்லுக்கு நின்றார். குறைத்தும் வாங்கினார். சின்னக் கொட்டானுக்கு மட்டும் பேரமே பேசவில்லை. வண்டியின் முன்பக்கம் பெட்டியை வைத்துக் கட்டி, கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார். மகள் வீட்டுக்கு ஒரு பெட்டி வாங்க வந்தவர், மாமியார் அறியாத ஒரு பெட்டியையும் சேர்த்து வாங்கிப் போகிறார். இந்தத் தெருவிலேயே கண்ணாடிக் கதவு போட்ட பரிசுப் பொருள் கடை ஒன்று இருக்கிறது. அங்கே விலைச்சீட்டு இருக்கிறது, ரிப்பன் இருக்கிறது, மகளின் மாமியார் இருக்கிறாரா என்று கேட்க ஆள் இல்லை.

ஆள் வராத நேரத்தில் அம்மாவின் கை சும்மா இல்லை. மடியில் ஈரத்துணியில் சுற்றிய ஓலைக் கற்றை. பச்சைக் குருத்தோலையை அப்படியே முடைய முடியாது. மரத்திலிருந்து இறக்கி, வெயிலில் காயப்போட்டு, ஈர்க்கை உருவி எடுத்து, ஒரே அகலத்துக்கு வார வேண்டும். சாயம் வேண்டுமென்றால் கொதிக்கிற சாயத் தண்ணீரில் முக்கி மறுபடி காயவைக்க வேண்டும். முடையும் முன்னால் திரும்பவும் நனைக்க வேண்டும். காய்ந்த ஓலை மடக்கினால் ஒடியும். சொதசொதவென்று நனைந்தாலோ, முடைந்து முடித்துக் காய்ந்ததும் இழை சுருங்கிப் பெட்டி சல்லடை ஆகிவிடும். எந்த அளவு ஈரம் என்பதற்கு அளவுகோல் எதுவும் இல்லை. ஓலையை உதட்டில் ஒரு முறை வைத்துப் பார்த்தார், சரி என்று பட்டது போல, ஆரம்பித்தார். அடியில் கட்டம் கட்டமாகப் பின்னி, நான்கு மூலையையும் தூக்கிச் சுவர் எழுப்பும்போது அவர் கையைப் பார்க்கவே இல்லை. கண் முழுக்கத் தெருவில் இருந்தது.

அடுத்து வந்தது சுடிதார் போட்ட ஒரு பெண், கையில் போன். திரையில் ஒரு கொட்டானின் படம். அண்ணன் கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுக்க இதே மாதிரி முந்நூறு வேண்டுமாம்.

"யாருக்குத் தாயி?"

"கல்யாணத்துக்கு வர்றவங்களுக்குப் பாட்டி."

"வர்றவுகன்னா?"

பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்நூறு பேருக்கு என்ன பதில் சொல்வது? அம்மாவும் விடவில்லை, கேள்வியை மாற்றிக்கொண்டார். "தேங்கா போடுவீகளா, வெத்தலபாக்கு மட்டுந்தானா?" அது அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. தன் அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டாள். தேங்காய் உண்டு. "அப்பச் சரி, அடி ரெட்டையாப் போடணும், கைப்பிடிக்கு நாரு ரெண்டு சுத்து. படத்துல இருக்கது தேங்கா தாங்காது. பஸ்ஸு ஏறுறதுக்குள்ள பிடி கழண்டுரும்." வருகிறவர் யாரென்று தெரியாவிட்டாலும், அவர் கல்யாண மண்டபத்திலிருந்து பஸ் ஏறி வீடு போகும் வரைக்கும் யோசித்தாகிவிட்டது.

சிக்கல் தேதியில் வந்தது. தை பதினெட்டு என்றாள் பெண். அம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்து, நூறுதான் முடியும் என்றார். குருத்து இல்லை. பெண் முகம் சுருங்கியது. நூறுக்கே முன்பணம் கொடுத்துவிட்டுப் போனாள். மீதி இருநூறுக்கு எதை வாங்கினார்களோ.

இப்படி மொத்தமாக வாங்கிப் போவதை ஏளனமாகப் பேசுகிறவர்கள் உண்டு. படம் பார்த்து வாங்குவது, நாகரிகத்துக்காக வாங்குவது என்பார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. ஒற்றைப் பெட்டியில் பஸ் செலவுதான் தேறும். உலை வைப்பது நூறு கொட்டான். 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தமிழக அரசு தடை செய்ததும், 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று துணிப்பை இயக்கத்தைத் தொடங்கியதும், தாம்பூலப் பை விஷயத்தில் ஜனங்களைக் கொஞ்சமாவது யோசிக்க வைத்திருக்கின்றன. வடக்கே செட்டிநாட்டில் கிட்டத்தட்ட மறைந்தே போன கொட்டான் முடைதலை, விசாலாட்சி ராமசாமி தொடங்கிய எம்.ஆர்எம்.ஆர்எம். அறக்கட்டளை கிராமத்துப் பெண்களைக் கொண்டு மீட்டெடுத்தது. செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கேயும் அதைத் தூக்கி நிறுத்தியது கல்யாண வீடுகள் கொடுத்த வேலைதான். உரச்சாக்கில் உட்கார்ந்திருக்கும் இந்த அம்மாவிடம் குறியீடும் இல்லை, அட்டையும் இல்லை. கேள்வி ஒன்று இருக்கிறது.

டீக்கடைக்காரரிடம் அவர் என்னைக் காட்டி, "அந்தா உக்காந்திருக்காரே, காலையில இருந்து பாக்காரு. ஒரு விசிறி வாங்கல" என்று என் காதில் விழும்படியாகவே சொன்னார். எழுந்து போய் ஒரு விசிறியை எடுத்தேன். "யாருக்குய்யா?" எனக்குத்தான் என்றேன். ஆர்வம் அடங்கிப் போனது முகத்தில் தெரிந்தது. "ஒங்களுக்குன்னா எதையாச்சும் எடுத்துக்கிடுங்க."

பஜாரைத் தாண்டி நெசவாளர் தெருக்கள். இந்த ஊரின் பெயரைச் சேலையோடு சேர்த்துச் சொன்ன காலம் உண்டு. இப்போது தெருவில் கேட்கிற சத்தத்தில் பெரும்பங்கு விசைத்தறியுடையது. கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி 1985-இல் சட்டமே போட்டார்கள். சத்தத்தைச் சட்டத்தால் நிறுத்த முடியவில்லை. ஒரு வீட்டின் ஜன்னல் வழியே குழித்தறி தெரிகிறது. காலைக் குழிக்குள் விட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர் நாடாவை ஓடவிட்டவர் சட்டென்று நிறுத்துகிறார். பாவில் ஓர் இழை அறுந்திருக்கிறது. குனிந்து தேடிப் பிடித்து, விரலால் முறுக்கிச் சேர்த்து, பிசிறைக் கிள்ளிப் போட்டுவிட்டு மறுபடி மிதிக்கிறார். அந்தச் சேலையை யார் கட்டப்போகிறார்கள், யார் யாருக்கு எடுத்துக் கொடுக்கப்போகிறார்கள், அவருக்குத் தெரிய வழியில்லை. கேட்கவும் ஆளில்லை. இழை மட்டும் சேர்ந்துவிட்டது.

விருதுநகரிலிருந்து மானாமதுரை போகும் ரயில் பாதை அருப்புக்கோட்டையையும் திருச்சுழியையும் நரிக்குடியையும் தொட்டுக்கொண்டு போகிறது. என் வழி திருச்சுழியோடு நின்றது.

ஐப்பசி, கார்த்திகையில் பெய்ததை நம்பி விதைத்த கரிசலில் மக்காச்சோளம் காய்ந்து நிற்கிறது. விதைக்காத இடமெல்லாம் சீமைக்கருவேலம். அங்கங்கே கரி மூட்டம் போட்ட புகை. நடுநடுவே, யாரும் ஏறாத பனைகள். பழைய மட்டை விழாமல் தொங்கி, தாடி வளர்த்த மாதிரி நிற்கின்றன.

திருச்சுழியில் குண்டாற்றங்கரை, திருமேனிநாதர் கோயில். கோயிலை ஒட்டிய தெருவில் ஒரு வீடு, சுந்தர மந்திரம். சுந்தரமய்யர், அழகம்மாள் தம்பதிக்கு 1879 டிசம்பர் 30-இல் பிறந்த வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி, பிறந்த வீடு. வெளியூர் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் உள்ளே தியானத்தில் இருக்கிறார்கள். ரமணர் என்றால் மௌனம், அருணாசலம், 'நான் யார்' என்ற விசாரம் என்பதுதான் எல்லோர் நினைவிலும் வரும். என் நினைவில் வருவது அவர் கைவேலை. தேங்காய்ச் சிரட்டையைத் தேய்த்துத் தேய்த்துக் கிண்ணமாக்குவார், இலை தைப்பார், நோட்டுப் புத்தகம் பைண்டு செய்வார். மலையில் இருந்த காலத்தில், கிழிந்த துணியைத் தைக்க முள்ளையே ஊசியாக்கிக்கொண்டு, அந்தத் துணியிலிருந்தே நூலை உருவித் தைத்தவர்.

அவரைப் பற்றி ஆசிரமத்துப் பதிவில் ஒரு சம்பவம் உண்டு. வேலூர் வூர்ஹிஸ் கல்லூரியின் தெலுங்குப் பண்டிதர் ரங்காச்சாரி, பலன் கருதாத செயல் என்றால் என்ன என்று கேட்டார். ரமணர் பதில் சொல்லவில்லை. பிறகு மலைப்பக்கம் நடந்தார். பண்டிதரும் சிலரும் பின்னால் போனார்கள். வழியில் முள் நிறைந்த ஒரு கம்பு கிடந்தது. எடுத்தார், உட்கார்ந்தார், முள்ளையெல்லாம் சீவினார், கணுக்களை இழைத்தார், சொரசொரப்பான இலையை வைத்துத் தேய்த்து மெருகேற்றினார். ஏறக்குறைய ஆறு மணி நேரம். முள்கம்பா இது என்று எல்லோரும் வியந்தார்கள். எழுந்து நடக்கையில் ஓர் ஆட்டிடையப் பையன் எதிரே வந்தான். தன் கம்பைத் தொலைத்துவிட்டுத் திகைத்து நின்றவன். ரமணர் கையிலிருந்ததை அவனிடம் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது என்றார் பண்டிதர்.

பண்டிதருக்கு அதில் கர்மயோகம் தெரிந்திருக்கலாம். எனக்குத் தெரிவது ஆடு மேய்க்கிறவர்களை அறிந்த ஒரு கை. திருச்சுழிச் சிறுவன் குண்டாற்றங்கரையில் எத்தனையோ ஆட்டு மந்தைகளைப் பார்த்திருப்பான். முள்ளை மட்டும் சீவியிருந்தால் அரை மணி நேரத்தில் கம்பு கம்பாகியிருக்கும். கணுவைக்கூட விடாமல் தேய்த்தது, நாள் முழுக்கப் பிடித்துத் திரியப்போகும் ஏதோ ஓர் உள்ளங்கைக்காக. தறிப் பெரியவர் சேர்த்த இழையும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. சாயல்குடி அம்மா கேட்டுவிட்டுச் செய்கிறார். இவர்கள் கேட்காமலே செய்கிறார்கள்.

மறுபடி அந்த அம்மாவிடம் இல்லாத குருத்துக்கு வருவோம். பனையை வெட்ட வேண்டுமானால் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நல்ல அறிவிப்பு. ஆனால் நிற்கிற மரத்திலிருந்து ஓலை தானாக இறங்காது. ஏறுகிறவர் குறைந்துபோனார்கள், ஏறத் தெரிந்தவரின் மகன் மில்லுக்கோ திருப்பூருக்கோ போய்விட்டான். ஒரு மரத்திலேயே திரும்பத் திரும்பக் குருத்தெடுத்தால் மரம் நொந்துபோகும் என்பதால் இருக்கிறவர்களும் மரம் மாற்றி மாற்றித்தான் ஏற வேண்டும். கொட்டான் விலை ஏறுவதும் தேதிக்குக் கிடைக்காததும் இதனால்தானே தவிர, முடைகிறவர்கள் சோம்பலால் இல்லை.

ஆகவே, வீட்டு விசேஷத்துக்கு ஓலைக் கொட்டான் கொடுக்க ஆசைப்படுகிறவர்கள் இரண்டு மாதம் முன்னாலேயே முடைகிறவரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். பாதிப் பணத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள். மரம் ஏறுகிறவருக்கு அவர் கொடுத்தாக வேண்டும். போனில் இருக்கும் படத்தைக் காட்டுவதோடு, உள்ளே தேங்காய் போடுவீர்களா என்பதையும் வீட்டில் கேட்டுக்கொண்டு போங்கள்.