கடைசி வரி

சென்ற கோடை விடுமுறையில் மணவூரில் இருந்தபோது, எம் பாட்டனாரின் நூல்களுக்கு இணையப் பட்டியல் ஒன்று அமைக்க முயன்றோம். கருவியாகக் கொண்டது ஜாங்கோ. அமெரிக்காவிற் கான்சஸ் மாநிலத்துப் பத்திரிகை அலுவலகமொன்றில் உருவாகி, 2005-ஆம் ஆண்டு யாவர்க்கும் பொதுவாக வெளியிடப்பெற்ற பைத்தான் சட்டகம் அஃது. பாட்டனார் இருநூறு நூற்பெயர்களைத் தம் கையாலேயே பதிந்தனர்.

பின்னர் நிரலின் மாதிரியிற் 'பதிப்பாண்டு' என்பதற்கு ஓரிடம் சேர்த்தோம். உடனே திரை நிறையப் பிழைச்செய்தி தோன்றிற்று. அப்பெயருடைய நெடுவரிசை அட்டவணையில் இல்லையென்று அதன் கடைசி வரி தெளிவாகக் கூறிற்று. யாமோ அதனை வாசியாது, தரவுக்கோப்பே கெட்டதென மயங்கி, அதனை அழித்துவிட்டோம். இருநூறு பெயர்களும் ஒருங்கே மறைந்தன.

நண்பர்காள்! வரைபடத்தைத் திருத்தினால் வீட்டின் சுவர் தானே நகருமோ? புதிய இடம் பழைய பதிவுகளில் வெறுமையாயிருக்க இசைவளித்து, இரண்டு கட்டளைகளை இட்டிருப்பின் போதும். 'மேக்மைக்ரேஷன்ஸ்' மாற்றத்தை எழுதிவைக்கும். 'மைக்ரேட்' அதனை அட்டவணையில் நிறைவேற்றும்.

பாட்டனார் சினந்திலர். "நான் மறுபடி சொல்கிறேன், அப்பா; இம்முறை நீ எழுது" என்றனர். மூன்று மாலைகள் எழுதினோம். அன்றுமுதல் கோப்பிற்கு நகலெடாமல் எதனையும் தொடுவதில்லை. பிழைச்செய்தியைக் கடைசி வரியிலிருந்தே வாசிக்கின்றோம்.